பால் மறுத்த நாள்கள்

மூடியில்லாத பேனா.
பின்னால் அழுத்தினால் முள் வெளியே வரும்,
மறுபடி அழுத்தினால் உள்ளே போகும்.
இடது கை பசுவுக்குள் தோள்வரை இருக்கும்போது
மூடி திருக இன்னொரு கைக்கு எங்கே போவது?
அதனால்தான் வாங்கினேன்.

திருவட்டாறில் இருந்தவரை கேள்வியே எழவில்லை.
அங்கே மழை, ரப்பர் நிழல்,
தாளில் எழுதியது காயவே ஒரு சாயா குடிக்கும் நேரமாகும்.
ஆனியில் ஆரல்வாய்மொழிக்கு மாற்றல் வந்தது.
இங்கே மேசைமேல் விரித்த பதிவேடு
தானே பக்கம் புரட்டி
போன வருடத்துக்குப் போய்விடுகிறது.
"இந்தக் காத்துல உணங்கிப் போவும் டாக்டரே"
என்றார் உதவியாளர் மரிய ஜெறோம்.

உள்ளே ஒரு கதவு இருக்கிறது என்றேன்.
முள் உள்வாங்கியதும் தானே சாத்திக்கொள்ளும்
மிளகளவுத் தகடு.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
துளைக்குள் பார்த்தார்.
"கதவு செரி.
ஓலைத் தட்டி மாதிரி சாத்துதோ
இரும்புப் பெட்டி மாதிரி சாத்துதோ
ஆரு கண்டா?"

ஆடி நாலாம் தேதி, தோவாளையில்
ஒரு தலையீத்துக் கிடாரியிடமிருந்து கன்றை இழுக்கையில்
என் வலது மணிக்கட்டு முறிந்தது.
கன்று பிழைத்தது.
எனக்கு நாற்பத்திரண்டு நாள் மாவுக்கட்டு.
பேனா இழுப்பறையில்,
பாதி வயிறு பச்சை மையோடு.

படுத்துக் கிடக்கையில் யோசித்தேன்.
சினைமாட்டைக் கடைசி அறுபது நாள் கறக்கமாட்டோம்.
பால் மறுத்த மாடு.
வெறும் மடியல்ல அது.
காம்பின் நுனியில் மெழுகுபோல் ஓர் அடைப்பு
தானே விளைந்து மூடும்.
சில மாட்டுக்குச் சீக்கிரம், சிலதுக்குப் பிந்தி,
சிலதுக்குக் கடைசிவரை சரியாக அமையாது,
அந்த மடியில்தான் நோய் இறங்கும்.
வெளியே நின்று பார்த்தால் எதுவும் தெரியாது.
ஈன்றபின் முதல் பீய்ச்சல்தான் சொல்லும்.

ஆவணியில் கட்டுப் பிரித்து வேலைக்கு வந்த அன்றே
வாசலில் லில்லிபாய்.
இரவு செத்த பசுவின் காது வில்லையை
கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள்.
அவள் கொல்லைக்குப் போய் அறுத்துப் பார்த்துவிட்டு
கை கழுவி வந்து உட்கார்ந்தேன்.
காப்பீட்டுத் தாளில் கையெழுத்து வேண்டும், பச்சையில்.
ஜெறோம் ஒரு குவளைத் தண்ணீரோடு
தயாராக நின்றார், முள்ளை முக்குவதற்கு.

அழுத்தினேன். டக்.
முதல் இழுப்பில் ஒன்றுமில்லை.
ஜெறோமின் முகத்தில் சின்ன வெளிச்சம்.
இரண்டாவதில் வந்தது,
பச்சையல்ல, கிட்டத்தட்டக் கறுப்பு.
தண்ணீர் மட்டும் கதவிடுக்கில்
கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறியிருக்கிறது.
நிறம் போக வழியில்லாமல்
உள்ளேயே கெட்டித்துக் கிடந்திருக்கிறது.
சீம்பால் இப்படித்தான்.
மூன்றாம் எழுத்தில் இளகி
நான்காவதில் பழைய பச்சை.
குவளையை ஜெறோம் சன்னல்வழி கொட்டினார்.

ஒன்பதாம் நாள் தாள் திரும்பி வந்தது.
கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம்.
பேனாவைச் சந்தேகித்த நாங்கள் யாரும்
மணிக்கட்டை நினைக்கவில்லை.

லில்லிபாய் மறுபடி வந்தாள்.
திருவட்டாறுக் காலத்துக் குறிப்பேடு ஒன்றை விரித்து,
காற்றுக்கு ஒரு மருந்துக் குப்பியைப் பாரம் வைத்து,
என் கையெழுத்தை நானே பார்த்து எழுதினேன்,
கள்ளப் பத்திரம் எழுதுகிறவளைப் போல.
அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"இதுக்கு என்ன வெல டாக்டரே?"

ஒரு கன்றின் விலை.
அவள் தொழுவத்தில் இப்போது
கயிறும் முளைக்குச்சியும்தான் பாக்கி.

"ஆரோ தந்தது" என்றேன்.
சொல் பாதியில் நின்று, பிறகு வந்தது.
ஜெறோம் எதுவும் பேசவில்லை.
இந்த முறையும் முள்ளுக்கென்று
குவளையில் தண்ணீர் வைத்திருந்தார்.
அதை என் பக்கம் நகர்த்தினார்.
குடித்தேன்.